முழங்காலுக்கு ஒன்றுமில்லை

அணித் தேர்வுக்குப் போகிற இடங்களிலெல்லாம் முதலில் சுவரோரம் நிற்கச் சொல்வார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். தலைக்கு மேல் ஓர் அட்டையை வைத்து, சாக்பீஸால் கோடு இழுத்து, டேப்பால் அளப்பார்கள். எனக்கு ஐந்தடி ஆறரை அங்குலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் போய் நின்ற சுவர்கள் எல்லாவற்றிலும் அந்தக் கோடு அதே இடத்தில்தான் விழுந்தது.

மாநில வாலிபால் அணிக்கான தேர்வில் அளந்தவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பி, நீ ஆடுனதப் பாத்தேன். நல்லாத்தான் ஆடுற. ஆனா ஆம்பளைக ஆடுற நெட்டு எட்டடி கிட்ட. கையத் தூக்கிக்கிட்டு நின்னாக்கூட ஒனக்கு மேல் நாடா எட்டாது. எதுக்கு வீணா அலையிற?"

"பந்து எல்லா நேரமும் மேலேயேவா இருக்கு சார்? கீழயுந்தான வருது," என்றேன்.

அவர் சிரித்தார். வரிசையில் நின்ற உயரமான ஆட்டக்காரர்களும் சிரித்தார்கள். என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார். மூன்று வருடம் தொடர்ந்து போனேன். மூன்று வருடமும் அதே கோடு.

அப்போது எனக்கு ஒரு நூற்பாலையில் வேலை. திண்டுக்கல்லைச் சுற்றி இருந்த ஆலைகளில் சில வாலிபால் அணி வைத்திருந்தன. காந்திகிராமத்தில் படிப்பை முடித்த கையோடு அப்படி ஒரு ஆலையில், ஆட்கள் வந்துபோகிற நேரத்தைப் பதிகிற நேர அலுவலகத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் சிவப்பு மையால் வட்டமிடுகிறவர். நானும் ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது, "தம்பி என்ன பண்ணுது வாத்தியாரே?" என்று கேட்டால், "பந்து தட்டுது," என்பார். நான் ஆடிய எந்த ஆட்டத்தையும் அவர் அதுவரை வந்து பார்த்ததில்லை.

நாங்கள் பழகிய மைதானம் பேகம்பூரைத் தாண்டி, தோல் பதனிடும் கொட்டகைகளுக்குப் போகிற பாதையில் இருந்தது. சரளை கலந்த செம்மண். விழுந்தால் முழங்கை பிய்ந்துவிடும். அங்கே எனக்குக் கூட்டாளி ஒருவன் இருந்தான். பேகம்பூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தான். எங்கள் ஊர் அணிக்கு அவன்தான் லிஃப்டர். அதாவது, நான் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கிற பந்தை, வலையோரம் வாகாக எழுப்பி அடிப்பவனுக்கு வைத்துத் தருகிறவன். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு காலித் தார் டின்னை உருட்டிக்கொண்டு வந்து வலையோரம் கவிழ்ப்பான். அதன்மேல் ஏறி நின்று, ஆறரை அடி ஆள் அடிப்பதுபோல என்னைப் பார்த்துப் பந்தை அடித்துக்கொண்டே இருப்பான். நான் விழுந்து விழுந்து எடுப்பேன். கை இரண்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பழுத்த தக்காளி நிறமாகிவிடும்.

வாலிபாலில் ஆறு பேர். மூன்று பேர் வலையோரம், மூன்று பேர் பின்னால். சர்வீஸ் மாறும்போதெல்லாம் சுற்றி வர வேண்டும். பின்வரிசையில் நான் நிற்கும்வரை எங்கள் அணிக்குக் கவலை இல்லை. முன்வரிசைக்கு வந்தால் என் தலைக்கு மேல் அடித்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் பாதி ஆட்டத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டு உயரமான ஒருவனை உள்ளே அனுப்புவார்கள். ஒட்டன்சத்திரத்தில் மார்க்கெட்டுக்காரர்கள் நடத்திய ஒரு போட்டியில் நான் வெளியே வரும்போது, கூட்டத்திலிருந்து ஒருவர் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க, பாதி ஆளு கெளம்பிட்டாருங்க." மொத்தக் கூட்டமும் சிரித்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் எங்கே ஆடப் போனாலும் எனக்கு அதுதான் பெயர். பாதி ஆளு.

நாங்கள் டீ குடிக்கிற கடையில், பழைய செய்தித்தாள் படம் ஒன்று கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. எண்பதுகளில் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கிய இந்திய அணி. அறுபதுகளில் இந்த நாடு வெள்ளியே வாங்கியிருக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அங்கே பதக்கம் கிடையாது. டீக்கடையில் பாதிப் பேருக்கு அந்தப் படத்தில் இருப்பது வாலிபால் அணி என்றே தெரியாது. ஹாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் நண்பன் விடமாட்டான். யாராவது ஹாக்கி என்று சொன்னால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "மட்டை எங்கண்ணே இருக்கு, காட்டுங்க," என்பான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருநாள் அவன் ஆலை வாசலுக்கே வந்து நின்றான். கையில் ஓர் ஆங்கில விளையாட்டுப் பத்திரிகையின் பக்கம். நூலகத்தில் கேட்டதற்கு, கையால் எழுதிக்கொள்ளச் சொன்னார்களாம்; இவன் ஜெராக்ஸ் எடுத்தே வந்துவிட்டான்.

"மாப்ள, இதப் படி. ஒனக்குன்னே சட்டம் போட்டிருக்கானுக."

உலக அளவில் விதியை மாற்றியிருந்தார்கள். இனி ஒவ்வோர் அணியிலும் பின்வரிசைக்கு மட்டும் என்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அவர் வலையோரம் வரவேண்டியதில்லை. எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். ஆனால் சர்வீஸ் போடக் கூடாது, வலையோரம் கைதூக்கித் தடுத்து பிளாக் செய்யக் கூடாது, வலைக்கு மேலே இருக்கிற பந்தை அடிக்கக் கூடாது. மற்றவர்களிடமிருந்து தனியாகத் தெரிகிற வேறு நிறச் சட்டை போட்டிருக்க வேண்டும். பெயர் லிபரோ. அதை லிபரோ என்று சொல்வதா லைபரோ என்று சொல்வதா என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

நான் அந்தக் காகிதத்தை நாலு தடவை படித்தேன். செய்யக் கூடாது என்று எழுதியிருந்த எதுவும் என்னால் ஏற்கெனவே முடியாதது. செய்ய வேண்டும் என்றிருந்தது, நான் தினமும் அந்தச் சரளையில் விழுந்து புரண்டு செய்துகொண்டிருந்தது.

அடுத்த மாநிலத் தேர்வுக்குப் போனேன். அங்கே போனால், லிபரோ யார் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டிருந்தது. அணியில் இடம் கிடைக்காத ஓர் அடிப்பவனை, ஆறடி இரண்டு அங்குலக்காரனை, அந்த இடத்தில் போட்டிருந்தார்கள். அந்த வருடத் தேர்வாளரிடம் போய் நின்றேன்.

"உயரமான ஆளுன்னா கை நீளமாப் போகும்ப்பா. குட்டையான ஆளு எப்படி எட்டிப் புடிப்பான்?" என்றார்.

"அளந்து பாத்து எடுக்காதீங்க சார். ஆட விட்டு எடுங்க. அவரையும் நிறுத்துங்க, என்னையும் நிறுத்துங்க. உங்க அடிக்கிறவங்க நாலு பேரும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அடிக்கட்டும். எனக்கு ஒரு பந்து கொறஞ்சாலும் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அவருக்கு எரிச்சல். ஆனால் சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் வேடிக்கை பார்க்கத் தயாராகிவிட்டார்கள். சரி என்று தலையாட்டினார். முதலில் உயரமானவன் நின்றான். நல்ல ஆட்டக்காரன்தான், பொய் சொல்லக் கூடாது. நேராக வந்ததையெல்லாம் எடுத்தான். காலடியில் விழுந்ததை எடுக்கக் குனிவதற்குள் பந்து தரையில் இருந்தது. பிறகு நான் போய் நின்றேன். நாலு பேரும் என்னைக் கொன்றுவிடுவதுபோல அடித்தார்கள். ஒன்று நெஞ்சில் பட்டது. ஒன்று தாடையில் பட்டு உதடு கிழிந்தது. அதுவும் மேலேதான் எழும்பியது. முடிந்ததும் யாரும் எண்ணிக்கை கேட்கவில்லை. அந்த உயரமானவனே வந்து கைகொடுத்தான். தேர்வாளர் காகிதத்தில் ஒரு பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அன்றைக்கு அவர் சுவரில் கோடு போடவில்லை.

மாநில அணிக்கு ஆடிய இரண்டாவது வருடம் இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கடிதம் வந்தது. பதிவுத் தபாலை அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, பந்து தட்டுறதுக்கா இம்புட்டுப் பெரிய லெட்டர்?"

"இந்தியா கேம்ப்புப்பா."

"எம்புட்டு நாளு?"

"ரெண்டு மாசம்."

"மில்லுல லீவு குடுப்பாகளா?" என்றார். அதுதான் அவர் வாழ்த்து.

முகாம் வடக்கே ஒரு நகரத்தில். விளையாட்டரங்க வாசலில் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. ஆட்டக்காரர்கள் வருகிற நேரம், அப்புறம் வா என்று இந்தியில் சொன்னார். எனக்கு அது புரியவே செத்த நேரம் ஆனது. கடிதத்தைக் காட்டினேன். கடிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இதை யாரிடமிருந்து வாங்கினாய் என்று கேட்டார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து பயிற்சியாளர் வந்து கூட்டிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு மாதமும் அந்தக் காவலாளிக்குத் தினமும் முதல் வணக்கம் நான்தான் வைத்தேன். அவர் மறந்துவிடக் கூடாது அல்லவா.

முகாம் முடிந்து பட்டியல் வந்தபோது என் பெயர் கடைசியில் இருந்தது. ஆசிய அளவிலான ஒரு போட்டிக்கு, கிழக்காசிய நகரம் ஒன்றுக்குப் போகிறோம். நடுவில் நாலு நாள் ஊருக்கு வந்து போக அனுமதித்தார்கள். நண்பனின் கடைக்குப் போனேன். அவன் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். மஞ்சள் பனியன் துணியில் இரண்டு சட்டைகள்.

"இது எதுக்குடா? அங்க குடுப்பாங்க."

"குடுக்க மாட்டானுக மாப்ள. எல்லாத்துக்கும் ஒரே கலர்ல வாங்கி வச்சிருப்பானுக. லிபரோவுக்கு வேற கலர் வேணும்னு ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது. நம்பர் தெரியாதுல்ல, அதனால ஒண்ணுலருந்து ஒம்போது வரைக்கும் துணியில வெட்டி வச்சிருக்கேன். ஊசி நூலு பைக்குள்ள இருக்கு."

அளவே எடுக்காமல் தைத்திருந்தான். போட்டுப் பார்த்தால் தோள் கச்சிதமாக உட்கார்ந்தது.

அவன் சொன்னதுதான் நடந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் சீருடை கொடுத்தார்கள். பன்னிரண்டு நீலச் சட்டைகள். எல்லாம் ஒரே நீலம், எல்லாம் ஆறரை அடிக்காரர்களுக்குத் தைத்தவை. அணியின் மேலாளர் கையை விரித்தார். லிபரோ இல்லாமலேயே ஆடிவிடலாம், போனவருடம்வரை அப்படித்தானே ஆடினோம் என்றார். என்னைப் பயணத்திலிருந்தே நிறுத்திவிடலாம் என்கிற பேச்சு அந்த அறையில், என் முன்னாலேயே, இரண்டு நிமிடம் ஓடியது. நான் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். பயிற்சியாளர் சட்டையைக் கையில் எடுத்து, தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, இழுத்துப் பார்த்தார். யார் தைத்தது என்று கேட்டார். எங்கள் ஊர் லிஃப்டர் என்றேன். அன்று சாயங்காலம் விடுதி அறையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் எட்டாம் எண்ணை நானே தைத்தேன். கேரளத்தைச் சேர்ந்த எங்கள் கேப்டன் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தமிழ் பேசுவார். "கோணலாப் போகுது," என்றார். பிரித்து மறுபடி தைத்தேன்.

முதல் ஆட்டம் போட்டியை நடத்திய நாட்டு அணியோடு. அரங்கம் நிறைந்திருந்தது. எதிரணி போட்ட முதல் சர்வீஸே எனக்குத்தான் வந்தது. கையில் பட்டு, பந்து நேராகப் பார்வையாளர் வரிசைக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. எங்கள் செம்மண்ணில் பந்து கொஞ்சம் மெதுவாக வரும். மரத்தரையில், அந்த வெளிச்சத்தில், அது மிதந்து மிதந்து வந்து கடைசியில் திரும்பியது. மூன்று செட்டிலும் தோற்றோம். மறுநாள் காலைக் கூட்டத்தில் மேலாளர், "இதற்குத்தான் நான் சொன்னேன்," என்று ஆரம்பித்தார். நான் எழுந்து, எனக்கு இரண்டு மணி நேரம் அரங்கம் வேண்டும், நாலு பேர் சர்வீஸ் போட வேண்டும் என்றேன். கேப்டன் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள்.

இரண்டாவது ஆட்டம் எங்களைவிட வலுவான, எங்களைவிட உயரமான ஓர் அணியோடு. அவர்களில் இடதுகையால் அடிக்கிற ஒருவன் இருந்தான். அவன் குதித்தால் மார்பு வலைக்கு மேலே தெரியும். என்னை முதலில் பார்த்தபோது பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டன்சத்திரத்திலேயே பழக்கம். பந்தெல்லாம் என்னைக் குறிவைத்தே வந்தது. வரட்டும் என்று நின்றேன். முதல் செட் போனது. இரண்டாவது செட்டில் அவன் அடித்த மூன்றை அடுத்தடுத்து எடுத்தேன். மூன்றாவதைக் கேப்டன் அடித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதன்பிறகு அவர்கள் என் பக்கம் அடிப்பதைக் குறைத்தார்கள். எதிரணி நம்மைத் தவிர்க்க ஆரம்பிப்பதைப்போல ஒரு மரியாதை வாலிபாலில் வேறு கிடையாது.

ஆட்டம் ஐந்தாவது செட்டுக்குப் போனது. இழுபறி. எங்களுக்கு இன்னும் ஒரு புள்ளி வேண்டும் என்கிறபோது அந்த இடதுகைக்காரன் எங்கள் பிளாக்குக்கு மேலாக மூலையைப் பார்த்து அடித்தான். நான் நின்ற இடம் அது இல்லை. பாய்ந்தேன். உள்ளங்கையைத் தரையோடு தட்டையாக வைத்தேன். பந்து கையின் மேற்புறம் பட்டு எழும்பியது. நல்ல பாஸ் என்று சொல்ல முடியாது. ஆனால் எழும்பியது. அணியின் லிஃப்டர் ஓடிவந்து பின்பக்கமாகத் தூக்கிவிட, கேப்டன் அடித்தார். முடிந்தது. நான் குப்புறக் கிடந்தபடியே விசில் சத்தத்தைக் கேட்டேன்.

ஆட்டம் முடிந்து வலைக்கு அடியில் கைகுலுக்கும்போது அந்த இடதுகைக்காரன் என் முன்னால் வந்து நின்று, சின்னப் பையனைத் தட்டிக்கொடுப்பதுபோல என் தலைமேல் கையை வைத்தான். கெட்ட எண்ணம் இல்லை, பாராட்டுத்தான். நான் அந்தக் கையை எடுத்து, கீழே இறக்கி, குலுக்கினேன். அவனுக்குப் புரிந்தது. லேசாகத் தலை குனிந்து போனான்.

பதக்கம் இல்லாமல்தான் திரும்பினோம். இருந்தாலும் தரவரிசையில் எங்களுக்கு மேலே இருந்த ஓர் அணியை வீழ்த்திவிட்டுத் திரும்பினோம். செய்தித்தாளில் தேடித் தேடிப் பார்த்தேன், கிரிக்கெட்டுக்குக் கீழே நாலு வரி. திண்டுக்கல் ஸ்டேஷனில் நண்பன் மட்டும் வந்திருந்தான். சட்டை தாங்கியதா என்றுதான் முதலில் கேட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இந்திய அணியில் இருந்தேன். வென்றோம், அதைவிட அதிகம் தோற்றோம். மூன்றாவது வருடம், இன்னொரு வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் நடந்த முகாமில் எல்லாம் மாறியிருந்தது. பயிற்சியாளர் புதியவர். கேப்டன் ஓய்வு பெற்றிருந்தார். முகாமின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒருநாள் மதியம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தமிழ் தெரிந்தவர். உட்காரச் சொன்னார். டைப் அடித்த ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். வலது முழங்காலில் ஏற்பட்ட காயம் காரணமாக நானே விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்லையே சார்."

"தெரியும்ப்பா. இது ஒரு முறைக்குத்தான். வேற ஒரு பையனுக்கு இந்தத் தடவை வாய்ப்புக் குடுக்கவேண்டியிருக்கு. மேல இருந்து சொல்றாங்க. நீ கௌரவமா வெலகிட்டா அடுத்த வருஷம் நானே ஒன்னக் கூப்பிடுவேன்."

"அவன் என்னவிட நல்லா ஆடுனா அவனப் போடுங்க. நான் கேக்க மாட்டேன். அடிபட்டிருக்குன்னு மட்டும் எழுத மாட்டேன்."

"யோசிச்சு நாளைக்குச் சொல்லு," என்றார். குரலில் கோபம் இல்லை. என்னை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அப்பா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலே, அவுக பெரிய எடத்து ஆளுக. எழுதிக் குடுத்துட்டு வந்துரு. மில்லு வேலைக்கு எதுவும் எடஞ்சலா வந்துரப்போகுது."

"பொய்யின்னு தெரிஞ்சேவாப்பா?"

"நாந்தான் சொல்றேன்ல," என்று வைத்துவிட்டார்.

ஒரு புள்ளி தவறினாலும் வட்டமிடுகிறவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் பயந்தது எனக்காகத்தான். அது அப்போதே தெரியும். ஆனாலும் பூத் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றேன். பிறகு நடந்தே முகாமுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமலேயே திருப்பிக் கொடுத்தேன். அன்று காலைப் பயிற்சியில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றேன். மைதானத்தைச் சுற்றி ஓடினேன், படிக்கட்டில் ஏறி இறங்கினேன், வந்த பந்தையெல்லாம் விழுந்து எடுத்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். மூன்றாம் நாள் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை. கீழே ஒரு குறிப்பு: காயம் காரணமாக இடம்பெறவில்லை என்று என் பெயரைத் தனியாகப் போட்டிருந்தார்கள்.

சட்டைப் பையில் பேனா இருந்தது. அந்தக் குறிப்புக்குக் கீழே, "எனக்குக் காயம் எதுவும் இல்லை," என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழிலும் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன், தேதியும் போட்டேன். பக்கத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் இருவர் மெல்ல நகர்ந்து போய்விட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறினேன். ஒழுங்கீனம் என்று பிற்பாடு கடிதம் வந்தது. அதன்பிறகு எந்த முகாமுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. இந்திய அணிக்கு நான் மறுபடி ஆடவே இல்லை. அந்த ஒரு வரி எழுதியதற்கு விலை அது. இன்றைக்குக் கேட்டாலும் எழுதுவேன்.

ஊரில் வேறு தொல்லை. காயம் என்று செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் வந்துவிட்டது. பஸ்ஸில், கோயிலில், கறிக்கடையில், பார்த்தவர்கள் எல்லாரும் முழங்காலை விசாரித்தார்கள். ஒருவர் தைலம் சொன்னார். இன்னொருவர் பழனிப் பக்கம் ஓர் எலும்பு வைத்தியரின் முகவரி கொடுத்தார். கோயிலில் ஓர் அம்மா என் காலுக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். "காலுக்கு ஒண்ணுமில்ல," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். நம்பாமல் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் நண்பன் ஒருநாள் சாக்பீஸை எடுத்து, தையல் கடையின் கரும்பலகையில், துணி வாங்கும் நேரத்துக்குக் கீழே எழுதிவைத்தான்: "நம்ம ஆட்டக்காரர் நலம். கால் இரண்டும் நலம். விசாரிக்க வேண்டாம்." ஒரு மாதம் அழிக்கவே இல்லை.

அப்பா அந்த விஷயத்தைப் பற்றி வீட்டில் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆலை வேலைக்கு எதுவும் ஆகவில்லை. நான் ஆடிக்கொண்டே இருந்தேன். மாவட்டத்துக்கு, ஆலைக்கு, கூப்பிட்ட ஊருக்கெல்லாம். ஒட்டன்சத்திரத்திலும் ஆடினேன், இப்போது அங்கே கூட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

சில வருடம் கழித்து, அப்பா ஓய்வு பெற்ற பிறகு, அவர் வேலை பார்த்த பள்ளி மைதானத்திலேயே மாவட்டப் போட்டியின் இறுதியாட்டம் நடந்தது. வீட்டுக்குப் பக்கம் என்பதால் அப்பாவும் வந்து, மூன்றாவது வரிசையில் குடையை முழங்காலுக்கு நடுவில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். நான் ஆடுவதை அவர் பார்த்தது அன்றுதான் முதல்முறை. எனக்கு முப்பத்தைந்து வயது. அன்றைக்கு விழுந்து எடுத்ததுபோல இந்திய அணிக்குக்கூட எடுத்திருக்க மாட்டேன். ஜெயித்தோம்.

பரிசு கொடுக்க வந்திருந்தவர் அதே நிர்வாகி. இன்னும் பெரிய பொறுப்பில் இருந்தார். ஒலிபெருக்கியில் நன்றாகவே பேசினார். கடைசியில் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "இந்த மண்ணின் மைந்தர். முழங்கால் காயம் மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ ஆண்டுகள் இந்தியாவுக்கு ஆடியிருப்பார்," என்றார். கூட்டம் கைதட்டியது.

கைதட்டல் அடங்கியபோது மூன்றாவது வரிசையில் அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"மன்னிக்கணும். ஒரு திருத்தம்," என்றார். முப்பது வருடம் வகுப்பில் பேசிய குரல். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "அவன் முழங்காலுக்கு ஒண்ணுமில்ல. அன்னைக்கும் ஒண்ணுமில்ல. இன்னைக்கு நீங்களே பாத்தீக. பொய்யா எழுதிக் கேட்டாக, அவன் எழுதிக் குடுக்கல. எழுதிக் குடுன்னு நாந்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் போய் ஒலிபெருக்கியை வாங்கினேன். நிறையப் பேச வேண்டும் என்று வருடக்கணக்கில் நினைத்து வைத்திருந்தேன். "எங்க அப்பா சொன்னது சரி. என்னக் காயத்தால நீக்கல. வேற ஒருத்தனுக்கு எடம் வேணும்னு நீக்குனாங்க," என்று மட்டும் சொன்னேன். நிர்வாகி, அதெல்லாம் பழைய விஷயம், இப்போது எதற்கு என்று சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்தார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கவில்லை. பள்ளித் தலைமையாசிரியர் கையில் கொடுக்கச் சொல்லி, அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

இந்திய அணிக்கு யார் யார் எந்த வருடம் ஆடினார்கள், ஏன் விலகினார்கள் என்கிற பதிவில் என் பெயருக்கு நேரே இன்னும் 'காயம்' என்கிற அந்தச் சொல் இருக்கிறது. நீக்கச் சொல்லி வாலிபால் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. அப்பா ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்து, வாக்கியத்தை நேர்செய்து, கமா இல்லாத இடத்தில் கமா போட்டுத் தந்தார். நாலாவது கடிதம் எழுதி முடித்துவிட்டேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போகிறது. இதற்கும் பதில் வராவிட்டால் அஞ்சாவது எழுதுவேன்.